ஞாயிறு காதுகுத்து: எங்கள் குடும்பக் குழு

கார்த்தி அண்ணன்: டெம்போக்காரர் கைவிரித்துவிட்டார். பாத்திரம், நாற்காலி, கிடா எல்லாமே தாத்தா ஜீப்பில் ட்ரெய்லர் மாட்டித்தான் கொல்லிமலை ஏறவேண்டும். இன்று பாதிப் பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன். 19ஆவது வளைவிலேயே சூடு காட்டும் முள் சிவப்பு.

சித்தப்பா: அப்பா போனபோதே விற்கச் சொன்னேன்

அத்தை: ஆரம்பித்துவிட்டான்

திவ்யா: அண்ணா உனக்கு ஒன்றும் ஆகவில்லையே

கார்த்தி அண்ணன்: இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன், பின்னால் வந்த பால்வண்டிக்காரர் கத்தியதில் கையை எடுத்துவிட்டேன்

பெரியப்பா: அவர் காலில் விழு. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டில் திறந்தால் கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். மேலே ஏற ஏற 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி கொதிநிலை குறையும், அதையும் சேர்த்துக்கொள். முதலில் மூடியை மாற்று. அப்புறம் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறாய்?

கார்த்தி அண்ணன்: போர் தண்ணீர்

பெரியப்பா: போச்சு. உப்பு படிந்து குழாயை அடைக்கும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி ஊற்று.

சித்தப்பா: இளநீர் ஊற்றலாமா அண்ணா 😂

அத்தை: ஐயோ 31ஆவது வளைவு! அபிஷேக இளநீர்!

பெரியப்பா: அன்றைக்கு வேறு வழி இல்லை. ஊற்றச் சொன்னது அப்பா.

சித்தப்பா: என் கல்யாணத்துக்கு நேர்ந்த இளநீர்

அம்மா: கிடா இரண்டா மூன்றா? சம்பந்தி வீட்டோடு 120 பேர் வருகிறார்கள்

சித்தப்பா: ஒரு கிடா என் கணக்கு என்று நோட்டில் யார் எழுதியது?

பெரியப்பா: கார்த்தி, எந்த கியரில் ஏற்றினாய்?

கார்த்தி அண்ணன்: மூன்று

பெரியப்பா: அதுதான். ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் பெல்ட்டில் ஓடுகிறவை. இன்ஜின் திணறி மெல்லச் சுற்றினால் அவையும் மெல்லத்தான் சுற்றும். பாரம் இழுக்கும்போது இரண்டில் போட்டுச் சீராக ஏற்று, வளைவில் முக்கினால் ஒன்று. பலம் வேண்டுமென்று தார்ரோட்டில் நாலு வீல் லோ, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியர், போடாதே. முன்சக்கரமும் பின்சக்கரமும் பூட்டிக்கொண்டு கொண்டை ஊசியில் வண்டி திரும்பாமல் முரண்டு பிடிக்கும்.

கார்த்தி அண்ணன்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில்

பெரியப்பா: கூடாது. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு அது. இல்லாவிட்டால் கீழே சூடே ஏறாமல் டீசல் குடிக்கும். வெந்நீரில் போட்டுப் பார், 80 டிகிரி சுமாரில் வாய் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் புதிது போடு.

அத்தை: என் இட்லிப்பானையைத் தொடாதீர்கள். போன தடவை டீசல் நாற்றம் ஒரு மாதம்

திவ்யா: [புகைப்படம்] ஜீப் அழகா இருக்கு இல்ல?

பெரியப்பா: முன்னால் என்னம்மா அது?

திவ்யா: பாப்பா ஃப்ளெக்ஸ் பெரியப்பா. அண்ணன் நேற்றே கட்டிவிட்டது

பெரியப்பா: கிரில்லை மூடியா?

பெரியப்பா: டேய்

கார்த்தி அண்ணன்: மேலே கொஞ்சம் இடைவெளி இருக்குப்பா

பெரியப்பா: ரேடியேட்டருக்குப் போர்வை போர்த்திவிட்டு மூன்றாவது கியரில் மலை ஏறியிருக்கிறாய்

சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்மாமன் கார்த்தி இருக்கிறான், அண்ணன் இருக்கிறார். நான் எங்கே?

அத்தை: வலது மூலையில் இருக்கிறாயே

சித்தப்பா: அது போட்டோ ஸ்டூடியோ விளம்பரம் அக்கா

திவ்யா: சித்தப்பா சாரி, உங்கள் படம் அனுப்பச் சொன்னேனே

பெரியப்பா: ஃப்ளெக்ஸை ட்ரெய்லர் பக்கவாட்டில் கட்டு. ரேடியேட்டரில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கும், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவு, ஆனால் வேகமாக அடிக்காதே, தகடு மடங்கிவிடும். வழியில் முள் ஏறினால் ஓரம் கட்டி ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கல் வை. ஆவி வராவிட்டால் உடனே அணைக்காதே, நியூட்ரலில் லேசாக ரேஸ் கொடு, ஃபேன் இழுக்கும். ஆவி வந்தாலோ தண்ணீர் ஒழுகினாலோ அணைத்துவிடு. மூடியைத் தொடாதே.

கார்த்தி அண்ணன்: 👍

பெரியப்பா: 👍 போதாது, எழுதி வை

அம்மா: பேசாமல் இரண்டு நடை போனால் என்ன? விடியற்காலை 4 மணிக்குக் குளிர்ச்சியாக இருக்கும்

கார்த்தி அண்ணன்: 70 வளைவு இரண்டு தடவையா சித்தி

சித்தப்பா: நான் என் காரில் நாற்காலி ஏற்றிக்கொள்கிறேன். ஃப்ளெக்ஸைத் திரும்ப அடித்தால்

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: படித்துவிட்டேன் அக்கா

அம்மா: கிடா எதில் வருகிறது?