ஃபோல்டர் திறந்தால் ஒவ்வொரு முறையும் புது விண்டோ வருகிறது, எப்படி நிறுத்துவது?

கேள்வி:
விண்டோஸ் 11. எந்த ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தாலும் அதே விண்டோவில் திறக்காமல் தனி விண்டோவாக வருகிறது. எனக்கு ஒவ்வொரு வேலைக்கும் மூலம், வரைவு, முடிந்தது என்று மூன்று ஃபோல்டர் வேண்டும், பெயர்களும் எல்லா வேலைக்கும் இவையேதான், அதனால் ஆல்ட்+டேப் அழுத்தினால் எந்த 'வரைவு' எந்த வேலையுடையது என்றே புரிவதில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
இது பழுது இல்லைங்க, ஒரு செட்டிங் மாறியிருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் (ஃபோல்டர் திறக்கும் அந்த விண்டோதான்) மேலே மூன்று புள்ளி, அதில் ஆப்ஷன்ஸ். ஜெனரல் பக்கத்தில் 'ஓப்பன் ஈச் ஃபோல்டர் இன் தி சேம் விண்டோ' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பக்கத்திலேயே வியூ இருக்கும், அங்கே முழு பாதையையும் டைட்டில் பாரில் காட்டச் சொல்லும் கட்டத்தை டிக் செய்தால் ஒரே பெயர்க் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

பதில் 2:
அதோடு டேப் (ஒரே விண்டோவுக்குள் பல ஃபோல்டரைத் திறந்து வைக்கும் வசதி) பழகிக்கொள்ளுங்கள், 2022 அக்டோபரிலிருந்தே எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது. கன்ட்ரோல்+டி புது டேப், கன்ட்ரோல்+டபிள்யூ மூட, கன்ட்ரோல்+டேப் மாறிக்கொள்ள. ஃபோல்டர் மேல் மவுஸ் சக்கரத்தை அழுத்தினாலும் புது டேப்பில் திறக்கும். ஒரு வேலைக்கு ஒரு விண்டோ, அதற்குள் மூன்று டேப், அவ்வளவுதான். ஆனால் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து நகர்த்தும்போது டேப்பை நம்பாதீர்கள், இரண்டு ஃபோல்டரும் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு விண்டோ திறந்து, விண்டோஸ் விசையோடு இடது அம்பு, வலது அம்பு அழுத்திப் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி! அப்புறம் ஒன்று, ரீஸ்டார்ட் செய்தால் திறந்திருந்ததெல்லாம் போய்விடுகிறதே?

பதில் 1:
அதே வியூ பட்டியலில் 'ரீஸ்டோர் ப்ரீவியஸ் ஃபோல்டர் விண்டோஸ் அட் லாகான்' இருக்கிறது, டிக் செய்யுங்கள். அது மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் தினமும் தேவைப்படும் ஃபோல்டர்களை ரைட் கிளிக் செய்து குவிக் ஆக்சஸில் பின் செய்துவிடுங்கள், விண்டோ மூடினாலும் இடது பக்கப் பட்டியலில் அவை அப்படியே இருக்கும்.

பதில் 3:
இதைப் படிக்கும் விண்டோஸ் 10காரர்களுக்கு: உங்கள் எக்ஸ்ப்ளோரரில் டேப் கிடையாது. அதற்குப் பதிலாக டபுள் கமாண்டர் என்ற ஃபைல் மேனேஜர் மென்பொருளைப் பயன்படுத்தலாம்; அது இலவசம், இரண்டு ஃபோல்டரை ஒரே விண்டோவில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், இரு பக்கமும் டேப் உண்டு.