தஞ்சாவூரில் தங்குவதா, கும்பகோணத்திலா?

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவோடு சோழர் கோயில்கள் பார்க்கப் போகிறோம், இரண்டு இரவு. எந்த ஊரில் அறை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

பெரிய கோயிலை அதிகாலையிலும், மாலை வெயிலில் விமானத்தின் கல் நிறம் மாறும்போதும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை, அதற்குத் தஞ்சாவூரில் நடந்து போகும் தூரத்தில் தங்குவதுதான் சரி. மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் அரண்மனையில் உள்ள செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிடலாம். ஆனால் தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது, கங்கைகொண்ட சோழபுரமும் அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான், தஞ்சாவூரிலிருந்து என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, காரில் ரொம்ப நேரம் உட்கார முடியாது.

ஊருக்கு ஒரு இரவு என்று பிரிக்கலாமா, இல்லை பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதே பெரிய அலைச்சலாகிவிடுமா? மார்கழி என்பதால் கூட்டம் வேறு இருக்கும்.

லிஃப்ட் அல்லது தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டும் கட்டாயம். நாளுக்கு 3,000 ரூபாய் வரை பரவாயில்லை. பெரியவர்களோடு நீங்களே தங்கிய இடம் இருந்தால் பெயர் சொல்லுங்கள், அப்புறம் இரவில் தெருச் சத்தம் எப்படி என்பதையும்.