ஐந்து மாத வண்டி, முன்பக்கம் போச்சு: ரிப்பேரா, டோட்டல் லாஸா?

சேதுக்கரை

அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். வண்டி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. ஓடியது 6,200 கிலோமீட்டர். சீட்டில் இருந்த பாலித்தீன் உறையைக்கூட அம்மா இன்னும் கழற்ற விடவில்லை.

போன வியாழன் விடிகாலை ஐந்து மணி. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற ஈசிஆரில், திருப்புல்லாணிப் பக்கம், கிளை ரோட்டிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிய மினி லாரி லைட் போடாமல் மெயின் ரோட்டில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வருவதே தெரியாது. பிரேக் அடித்தும் வலது முன்பக்கம் போய் மோதிவிட்டது. முன் ஏர்பேக் இரண்டும் வெடித்துவிட்டன. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று, லாரிக்காரருக்கு நெற்றியில் தையல்.

நம்மூர் பட்டறையில் ஏர்பேக் வேலைக்கு ஆளில்லை என்று மதுரைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே மேலோட்டமாகப் பார்த்து 7,60,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். ஷோரூம் விலை 11,20,000. பாலிசியில் ஐடிவி (வண்டிக்குக் கம்பெனி போட்டிருக்கிற மதிப்பு) 10,64,000. பேங்க் கடன் 8,40,000 பாக்கி. ஜீரோ டெப் (மாற்றுகிற சாமானுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்) இருக்கிறது. ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கிறது, அது என்னவென்று தெரியாது.

பட்டறையில் ஒருவர், “இன்னும் கொஞ்சம் ஏத்திக் காட்டினா டோட்டல் லாஸ் ஆயிடும் சார், புது வண்டியே எடுத்துக்கலாம்” என்கிறார். அம்மா, அந்த வண்டி வீட்டு வாசலுக்கே வரக் கூடாது என்கிறார். மச்சான், ரிப்பேர் பார்த்து உடனே விற்றுவிடு என்கிறார். எனக்கு எதுவும் ஓடவில்லை.

தொண்டிக்காரி

தம்பி, முதலில் அடிபட்டவர்கள் நலமா இருக்கிறார்களே, அது போதும். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் கிளெய்ம் பார்த்தவள், அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பார்க்காமல் வண்டிக்கான பணத்தையே கம்பெனி கொடுத்துவிடும். உங்களுக்கு அந்தக் கோடு 7,98,000. பட்டறை எஸ்டிமேட் 7,60,000 என்பதால் தொட்டுவிடும் தூரம் மாதிரி தெரியும். ஆனால் கோட்டைத் தாண்ட வேண்டியது பட்டறை எழுதுகிற தொகை இல்லை, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் ஒத்துக்கொள்கிற தொகை. பட்டறை ‘கதவு புதுசு’ என்று எழுதும், சர்வேயர் ‘டிங்கரிங் போதும்’ என்று அடித்துவிடுவார். ஏற்றிக் காட்டலாம் என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். மாட்டினால் கிளெய்ம் மொத்தமும் போகும், அவருக்கு ஒன்றும் ஆகாது.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்றால் ஐடிவிக்குப் பதில் நீங்கள் வாங்கிய பில் விலையே கிடைக்கும், அது இருப்பது பெரிய விஷயம். ஆனால் அது டோட்டல் லாஸ் ஆனாலோ வண்டி திருடு போனாலோதான் வேலை செய்யும், ரிப்பேருக்கு ஒரு பைசா தராது. அது இல்லாமல் டோட்டல் லாஸ் ஆனால் ஐடிவிதான் கிடைக்கும். பேங்க் தன் 8,40,000-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும், கட்டாயக் கழிவு ஆயிரமோ இரண்டாயிரமோ போகும், உங்கள் கைக்குச் சுமார் 2,23,000 வரும். தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள வண்டிக்கு 18 சதவீதம் சாலை வரி. உங்கள் விலைக்கு அதுவே இரண்டு லட்சம். ஐடிவியில் அது சேராது. உங்கள் பாலிசியில் இன்வாய்ஸோடு சாலை வரியும் பதிவுக் கட்டணமும் சேரும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சில பாலிசியில் உண்டு, சிலதில் கிடையாது. உண்டு என்றால் கணக்கே மாறிவிடும்.

அப்புறம், எஃப்ஐஆர் இருக்கிறதா? சிஎஸ்ஆர் ரசீது (புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தருகிற சீட்டு) மட்டுமா?

சேதுக்கரை

சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டும் சேரும் என்று போட்டிருக்கிறது அக்கா. இப்போதுதான் பார்த்தேன்.

சிஎஸ்ஆர் மட்டும்தான். ஒரு விஷயம் முன்னாடி சொல்லவில்லை. ஓட்டியது நான் இல்லை, மச்சான். லைசென்ஸ் இருக்கிறது, நடப்பில்தான் இருக்கிறது. ஆனால் பாலிசி என் பேரில் என்பதால் நான் ஓட்டியதாகவே எழுதிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. ஸ்டேஷனில் லாரிக்காரரும் நாங்களும் ‘சமாதானமாகப் போகிறோம்’ என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போட்டோம். பணம் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை.

தொண்டிக்காரி

நல்லவேளை கேட்டீர்கள். மச்சான்தான் ஓட்டினார் என்று எழுதுங்கள். உங்கள் சம்மதத்தோடு, சரியான லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். இல்லாத பொய்யை நீங்களே உண்டாக்க வேண்டாம். சிஎஸ்ஆரில் யார் பேர் இருக்கிறது, தையல் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டில் லாரிக்காரர் என்ன சொன்னார், எல்லாம் சர்வேயர் கைக்கு வரும்.

அந்த வெள்ளைத்தாள்தான் உறுத்துகிறது. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒத்துக்கொள்வதோ, ராஜி பேசுவதோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. ‘எங்கள் மேல்தான் தப்பு’ என்று ஏதாவது எழுதினீர்களா? இல்லையென்றால் நகல் ஒன்று வாங்கி, மறைக்காமல் கிளெய்ம் ஃபாரத்தோடு வையுங்கள். லாரிக்காரருக்குக் காயம் இருப்பதால் நாளைக்கு அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாலும் உங்கள் தேர்ட் பார்ட்டி பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு இன்றே தெரிந்திருப்பது நல்லது.

கீழக்கரை காக்கா

எனக்கும் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ரோட்டில், மாடு குறுக்கே வந்து. எட்டு மாத வண்டி. அவசரப்பட்டு ரிப்பேர் பண்ணின கையோடு விற்றேன். வாங்க வந்த புரோக்கர் பாக்கெட்டிலிருந்து பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டரை எடுத்து பானட்டில் வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டதில் ரெண்டு லட்சம் குறைத்தான். கிளெய்ம் வரலாறும் இப்போது போனிலேயே பார்க்கிறார்கள். ரிப்பேர் என்று முடிவானால் விற்காதீர்கள் தம்பி, குறைந்தது கடன் முடிகிற வரைக்கும் ஓட்டுங்கள். மச்சான் யோசனையைக் கேட்காதீர்கள், என் மச்சானும் அதைத்தான் சொன்னான்.

அம்மாவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுங்கள், அவர் மனசு ஆறும்.

பாம்பன் பட்டறை

கணக்கை அக்கா சொல்லிவிட்டார். நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். பட்டறையில் முப்பது வருஷம்.

பானட், பம்பர், ஃபெண்டர், ரேடியேட்டர், கண்டென்சர், லோயர் ஆர்ம் இவையெல்லாம் போல்ட்டில் மாட்டுகிற சாமான். எவ்வளவு நசுங்கினாலும் கவலை இல்லை, புதுசு போட்டால் புதுசு. பார்க்க வேண்டியது வெல்டிங்கில் சேர்ந்திருக்கிற பகுதி. வலது பக்க சேசிஸ் நீட்டம் எதுவரை மடங்கியிருக்கிறது? நுனியில் மட்டுமா, எஞ்சின் மவுன்ட் வரைக்குமா? ஷாக் அப்சார்பர் மேலே உட்கார்கிற இடம் நகர்ந்திருக்கிறதா? கதவு கீல் மாட்டுகிற முன் தூண் தொட்டிருக்கிறதா? தூண் கோணியிருந்தால், காப்பாற்றலாம் என்று யார் சொன்னாலும் நான் அந்த வண்டியில் என் பேத்தியை உட்கார வைக்க மாட்டேன். நுனி மட்டும் என்றால் சேசிஸ் பெஞ்சில் ஏற்றி, அளவு பார்த்து, கம்பெனி சாமானை வெட்டி ஒட்டலாம். நல்ல வேலைதான்.

இதெல்லாம் கழற்றிப் பார்க்காமல் தெரியாது. இப்போது கையில் இருக்கிற 7,60,000 வெறும் வெளிப்பார்வை. சர்வேயர் வந்து நிற்க, அவர் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். அதுவரை யாரும் ஸ்டார்ட் போட்டுப் பார்க்கக் கூடாது. தண்ணீர் ஒழுகின எஞ்சினை ஓட்டி, அது பிடித்துக்கொண்டால் ‘விபத்தினால் வந்த சேதம் இல்லை’ என்று கைகழுவி விடுவார்கள்.

இன்னொன்று நம்ம கரைக்கே உரியது. மதுரைக்காரனுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் செய்ய மாட்டான். கம்பெனியில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி ஒரு அடிப்பூச்சு கொடுத்திருப்பார்கள். வெட்டி வெல்டிங் வைக்கிற இடத்தில் அது எரிந்துபோகும். வெளியே பட்டி வைத்து பெயின்ட் அடித்தால் பளபளப்பு வந்துவிடும், ஆனால் பெட்டி மாதிரி மூடியிருக்கிற உள்பக்கம் வெறும் இரும்பாக நிற்கும். உப்புக்காற்று அதைத்தான் தேடும். 2025-இல் திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று சும்மாவா போட்டார்கள்? அந்தக் காற்றுதான் உங்கள் வாசலிலும் அடிக்கிறது. வெல்டிங்குக்குப் பிறகு துத்தநாக பிரைமர், இணைப்பில் சீலர், உள்பக்கத்தில் மெழுகு ஸ்ப்ரே மூன்றும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏர்பேக் இரண்டும், அதன் கண்ட்ரோல் பெட்டியும், முன் சீட் பெல்ட் இரண்டும் புதுசாக வர வேண்டும். வெடிக்கும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற மருந்தும் ஒரு தடவைதான். மீட்டரில் ஏர்பேக் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்கிற ஆசாமிகள் உண்டு. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள்.

பரமக்குடியான்

டோட்டல் லாஸ் ஆனால் உடைந்த வண்டியை நீங்களே எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை வாங்கலாம், லாபம் என்று சொல்கிறார்களே?

தொண்டிக்காரி

சொல்வார்கள். அப்படி எடுத்து விற்றால், ஆர்சி உங்கள் பேரில், வண்டி எவனோ ஒருவன் கையில் என்று ஆகிவிடாமல் பார்க்க வேண்டும். ஓடவே முடியாத நிலை என்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பேங்க் கடனும் ஏறியிருக்கிற வண்டி. அனுபவம் இல்லாதவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

சேதுக்கரை

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன்.

சர்வேயர் முன்னால் கழற்றினார்கள். நான் பாம்பன் அண்ணன் எழுதியதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன், பட்டறை மேனேஜருக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. சேசிஸ் நுனியோடு மடங்கியிருக்கிறது, மவுன்டைத் தொடவில்லை. தூண் சரியாக இருக்கிறது. பட்டறை 8,05,000 என்று திருத்திக் கொடுத்தது. நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. சர்வேயர் வலது கதவை டிங்கரிங் என்று மாற்றி, ஏசி கம்ப்ரசருக்கு ஒன்றுமில்லை என்று அடித்து, 7,18,000-இல் நிறுத்திவிட்டார். ஆக, ரிப்பேர்தான்.

மச்சான் பேரிலேயே ஃபாரம் கொடுத்தோம். வெள்ளைத்தாள் நகலும் வைத்தோம். அதில் தப்பு யார் மேல் என்று எதுவும் இல்லை. சர்வேயர் இரண்டு கேள்வி கேட்டார், விட்டுவிட்டார்.

தொண்டிக்காரி

சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டு வாங்கி வையுங்கள். எதையாவது அநியாயமாகக் குறைத்ததாகப் பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அவர் நியாயமாகத்தான் போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் நோ கிளெய்ம் போனஸ் கிடைக்காது, அதை மனதில் வையுங்கள். கூலன்ட், ஆயில், போல்ட் வகையறாவுக்குத் தனி கவர் இல்லையென்றால் சில ஆயிரம் கைக்காசு போகும்.

சேதுக்கரை

நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன். கைக்காசு 11,000 போனது. பெயின்ட்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மதுரை போய்ப் பார்த்தேன். சீலர் போட்டிருந்தார்கள், மெழுகு அடிக்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளைக் காட்டி அங்கேயே அடிக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறது. கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆனால் மானாமதுரை தாண்டி நேர் ரோட்டில் கையை விட்டால் வண்டி லேசாக இடதுபக்கம் இழுக்கிறது. பாம்பன் அண்ணே, இது வெறும் அலைன்மென்ட்டா, வேறு ஏதாவதா?

பாம்பன் பட்டறை

முதலில் நாலு டயரிலும் காற்று பாருங்கள், சிரிக்காதீர்கள். பிறகு நம்மூரில் வேறு கடையில் அலைன்மென்ட் போட்டு அளவுச் சீட்டை வாங்கி எனக்குப் படம் அனுப்புங்கள். டோ (சக்கரம் முன்னால் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மட்டும் மாறியிருந்தால் திருகினால் சரியாகிவிடும். வலதுக்கும் இடதுக்கும் கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கிற அளவு) நிறைய வித்தியாசம் காட்டினால் வண்டியைத் திரும்ப மதுரைக்கே விடுங்கள், பெஞ்சில் ஏற்றின அளவைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஓட்ட ஓட்டச் சரியாகும்’ என்று சொன்னால் சாவியை வாங்காதீர்கள்.