மறு: டிரெய்லரின் முன்முனை வண்டியின் மேல் ஏற்றும் எடைக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இறக்குமதி செய்த வண்டியில் கனமான டிரெய்லரை இழுத்துச் செல்வது குறித்து ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களுக்காகக் கையேடு எழுதிவரும் நண்பர் கேட்டிருந்த சொற்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. டிரெய்லரை டிரெய்லர் என்றே விட்டுவிடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ‘இழுவண்டி’ என்று ஒருவர் முன்மொழிந்தது ஓசைக்கு அழகாக இருந்தாலும், வினைத்தொகையாகிய அது இழுக்கும் வண்டியையும் குறிக்கும், இழுக்கப்படும் வண்டியையும் குறிக்கும். எந்த வரம்பு எதற்கு உரியது என்பதையே பேசும் ஒரு கையேட்டில் அந்த இரட்டைப் பொருள் ஆகாது. வண்டியின் பின்னால் பொருத்தியிருக்கும் இரும்பு உருண்டைக்கு ‘இழுவைக் குமிழ்’ என்பதும், அதன் மேல் கவிழும் பகுதிக்குக் ‘கிண்ணம்’ என்பதும், டிரெய்லரிலிருந்து முன்னோக்கி நீளும் சட்டத்துக்கு ‘ஏர்க்கால்’ என்பதும் நன்றாகவே பொருந்துகின்றன. எஞ்சியிருப்பது ஒன்றுதான், ஆனால் கையேட்டின் உயிர்நிலை அதில் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

> குமிழின் வழியாக டிரெய்லர் வண்டியின் மேல் செங்குத்தாக இறக்கும் எடையை அமெரிக்கர் நாக்கெடை என்றும், பிரித்தானியர் மூக்கெடை என்றும், ஆஸ்திரேலியர் பந்தெடை என்றும் பொருள்படச் சொல்கிறார்கள். நாம் எதை எடுத்துக்கொள்வது?

மூன்றையும் விட்டுவிடலாம் என்பேன். ‘பந்தெடை’ என்றால் அந்த உருண்டை எத்தனை கிலோ என்றுதான் தமிழர் படிப்பார். நாக்கும் மூக்கும் அந்தந்த ஊரில் பழகிய உறுப்புப் பெயர்கள். நமக்கு அவை எதையும் சொல்வதில்லை. நம்மிடம் இதற்குப் பழகிய சொல்லே இருக்கிறது. மாட்டு வண்டியில் நெல்மூட்டை ஏற்றுகிறவர் ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். மேடேறும்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்வதும் இந்தக் கணக்கில்தான். அச்சுக்கு முன்னும் பின்னும் பாரத்தைப் பகிர்வதால் இழுப்பதன் மேல் எவ்வளவு இறங்குகிறது என்ற அதே அளவைத்தான் நாம் பெயரிடத் தேடுகிறோம். ஆகவே ‘முன்பாரம்’ என்பதை முன்மொழிகிறேன்.

> சொல் எதுவானால் என்ன, எண் சரியாக இருந்தால் போதாதா?

இந்தக் கேள்வியை எழுப்பிய ஐயாவுக்கு நன்றி. இங்கே எண் தவறுவதே சொல் தெளிவில்லாததால்தான் என்பதைக் காட்ட முயல்கிறேன். ஆஸ்திரேலிய விதிகளில் டிரெய்லருக்கு இரண்டு எடைகள் உண்டு. வண்டியிலிருந்து கழற்றித் தனியாக நிற்கும்போது, சக்கரங்களும் முன்முனையும் சேர்ந்து தரையில் இறக்கும் மொத்தம் ஒன்று. வண்டியோடு பூட்டியபின் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் தரையில் இறக்குவது மற்றொன்று. முன்னதை ‘முழு எடை’ என்றும் பின்னதைச் ‘சக்கர எடை’ என்றும் வைத்துக்கொண்டால், முழு எடையிலிருந்து சக்கர எடையைக் கழிக்க எஞ்சுவதே முன்பாரம். பூட்டிய மறுகணம் அது டிரெய்லரை விட்டு வண்டியின் கணக்கில் ஏறிவிடுகிறது. 3,500 கிலோ முழு எடையுள்ள கேரவனுக்கு (உள்ளே தங்கிச் செல்லும் வசதியுள்ள டிரெய்லர்), அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் பத்து விழுக்காட்டின்படி, 350 கிலோ முன்பாரம் என்று கொள்வோம். வண்டியில் 800 கிலோ ஏற்றலாம் என்றிருந்தால் ஆள், பெட்டி, தண்ணீர், கூடுதல் எரிபொருள் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 450 கிலோதான். டிரெய்லரின் எடையைத்தான் டிரெய்லரிலேயே கணக்கிட்டாயிற்றே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் எடைமேடையில் ஏறியபின்தான் வண்டி வரம்பை மீறியிருப்பதை அறிகிறார்கள்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது, இதைக் கையேட்டில் ஒரு படத்தோடு போட வேண்டும். குமிழ் பின்னச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.6 மீட்டர், பின்னச்சிலிருந்து குமிழ் வரை 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 கிலோ முன்பாரம் பின்னச்சின் மேல் 400 கிலோவை ஏற்றுகிறது. கூடுதலான அந்த 100 கிலோ முன்னச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. முன்சக்கரங்களின் பிடி குறைகிறது, ஸ்டீயரிங் இலேசாகிறது, முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின்னச்சு மட்டும் தன் வரம்பைத் தாண்டுவது இப்படித்தான்.

முன்பாரம் குறைந்தால் தீங்கு வேறு வகையானது. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், ஓர் அளவு வேகத்துக்கு மேல் டிரெய்லர் இடமும் வலமும் வீசத் தொடங்கி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரின் மின்பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் போடுவதே முறை. இதற்கு முந்தைய மடலொன்றில் ‘நெளிவு’ என்ற சொல் வந்தது. எனக்கு ‘வீச்சு’தான் பிடிக்கிறது, நெளிவில் ஆபத்து தெரியவில்லை.

> இவையெல்லாம் எந்த வண்டிக்கும் பொருந்துமே, இறக்குமதி வண்டிக்கு என்று தனியாக என்ன?

தனியாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த வண்டிகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் எவ்வளவு இழுக்கலாம் என்றே குறிப்பதில்லை, ஏனென்றால் அங்கே கனமான டிரெய்லரை இழுக்கிறவர் குறைவு. 750 கிலோவுக்கு மேற்பட்டதை இழுக்க அங்கே தனி உரிமமே வேண்டும். அப்படி அளவு குறிக்கப்படாத வண்டி ஆஸ்திரேலியாவுக்கு வரும்போது, நியூ சவுத் வேல்ஸ் உள்ளிட்ட மாநிலங்களில் ஒரு பொது விதி அதற்குப் பொருந்துகிறது. டிரெய்லரில் பிரேக் பொருத்தி, அது வண்டியோடு இணைக்கப்பட்டு இயங்கும் நிலையில் இருந்தால் வண்டியின் வெற்று எடையை (எதுவும் ஏற்றாதபோது உள்ள எடை) போல் ஒன்றரை மடங்கு வரை இழுக்கலாம். பிரேக் தேவைப்படாத சிறிய டிரெய்லரானால் வெற்று எடை அளவுக்கு மட்டுமே. குமிழைத் தாங்கும் கொக்கிச் சட்டத்தின் வரம்போ கிண்ணத்தின் வரம்போ இதைவிடக் குறைந்திருந்தால் அந்தக் குறைந்த எண்ணே செல்லும். இதனால்தான் ‘இழுதிறன்’ என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குகிறேன். திறன் என்றால் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்ற நினைப்பு வருகிறது. கேள்வி அதுவன்று, பல வரம்புகளில் மிகக் குறைந்தது எது என்பதே. ‘இழுவை வரம்பு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அமெரிக்க பிக்கப் வண்டிகளில் சிக்கல் வேறு. அங்கே பரவலாக உள்ள இரண்டு அங்குலக் குமிழ் 50.8 மில்லிமீட்டர், ஆஸ்திரேலியக் கிண்ணம் 50 மில்லிமீட்டர் குமிழுக்கானது. 0.8 மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாது, கிண்ணம் முழுதாக அமராமலே தாழ்ப்பாள் விழுந்ததுபோல் தோன்றலாம். நியூசிலாந்தில் இதன் மறுதலை: அங்கே 47.6 மில்லிமீட்டர் குமிழும் 50 மில்லிமீட்டர் குமிழும் ஒருங்கே புழங்குவதால், சிறிய குமிழில் பெரிய கிண்ணம் மாட்டி மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடுகிறது. குமிழின் தலையில் பொறித்த எண்ணைப் பார்த்தபின் பூட்டுங்கள் என்ற ஒற்றை வரி போதும். 50 மில்லிமீட்டர் குமிழ் 3,500 கிலோ வரைக்கும்தான். 4,500 கிலோ வரை இழுக்க 70 மில்லிமீட்டர் குமிழ் வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்க்கலாம். விளக்கிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கே பிரேக் விளக்காகவும் திரும்பும் விளக்காகவும் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் திரும்பும் விளக்கு தனியாக, மஞ்சளாக இருக்க வேண்டும். டிரெய்லருக்குப் போகும் ஏழு கம்பிச் செருகியும் வடிவத்தில் வேறு. மெல்பர்னில் ராம் போன்ற அமெரிக்க பிக்கப்புகளை ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி முறைப்படி விற்கிறார்கள். அவற்றில் இவை சரிசெய்யப்பட்டே வரும். தாமே ஒரு வண்டியைத் தருவிக்கிறவர்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிரேக், சங்கிலி விதிகளை நீட்ட வேண்டாம், ஆனால் எது எந்த எடையைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். பிரேக் விதி சக்கர எடையைப் பார்க்கிறது: 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம், 2,000 கிலோவுக்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும்படியும், டிரெய்லர் அறுந்து ஓடினால் தானே பிடித்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் விடாமலும் இருக்க வேண்டும். சங்கிலி விதியோ முழு எடையைப் பார்க்கிறது. 2,500 கிலோவுக்கு மேல் இரண்டு சங்கிலி. இரண்டு எடைக்கும் ஒரே சொல்லைப் போட்டுவைத்தால் படிக்கிறவர் தவறான வரம்பைப் பார்த்துவிடுவார்.

‘எடை’ வேண்டாம், ‘நிறை’ என்றே எழுத வேண்டும் என்று குழுவில் ஓர் அம்மா சொன்ன திருத்தம் பாடநூலுக்குச் சரி. எடைமேடையில் வரிசையில் நிற்கிறவருக்காக எழுதுவதில் எடையே இருக்கட்டும்.

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

உங்கள் மடல் தெளிவாக இருந்தது. ஆனால் வண்டி பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் ‘முன்பாரம்’ மீது ஓர் ஐயம் உண்டு. எங்களிடம் வருகிறவரிடம் முன்பாரம் மிகுதி என்றால், காரின் முன்சக்கரத்தில் பாரம் கூடிவிட்டது என்று புரிந்துகொள்வார். நடப்பதோ நேர்மாறு, நீங்களே கணக்குப் போட்டபடி முன்சக்கரம் இலேசாகிறது. ஐரோப்பியக் கேரவன் வைத்திருக்கிறவர்களிடம் இன்னும் சிக்கல். அங்கே சட்டப்படி குறைந்த அளவு நான்கு விழுக்காடுதான், அச்சை நடுவுக்கு அருகே வைத்துக் கனமான பொருள்களை அச்சின் மேலேயே அடுக்கும்படி செய்கிறார்கள். ஆஸ்திரேலியப் பத்து விழுக்காட்டை அதற்குப் போட்டால் காரின் குமிழ் தாங்கும் வரம்பையே மீறிவிடும். ‘குமிழ்ப்பாரம்’ என்றால் எங்கே விழுகிறது என்பது உடனே தெரியுமே?

———

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது ஐயம் சொல்லைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது. அதை அப்படியே ஏற்று, பத்து விழுக்காடு என்பது ஆஸ்திரேலியப் பாணி டிரெய்லருக்கு வழக்கமான அளவு, அமெரிக்காவில் பத்திலிருந்து பதினைந்து வரை சொல்வார்கள், ஐரோப்பிய டிரெய்லருக்கு அதன் தயாரிப்பாளர் குறித்ததே அளவு, எதுவானாலும் காரின் வரம்பை மீறக்கூடாது என்று எழுதிவிடலாம்.

முதலாவதற்குக் ‘குமிழ்ப்பாரம்’ ஒரு நல்ல விடையே. நான் தயங்குவது ஒரே காரணத்தால். அந்தச் சொல் பாரம் எங்கே விழுகிறது என்று சொல்கிறது. அதை எப்படிக் கூட்டுவது, குறைப்பது என்று சொல்லவில்லை. குமிழ்ப்பாரம் குறைவு என்று கேட்பவர் குமிழைத்தான் பார்ப்பார். முன்பாரம் குறைவு என்று கேட்பவர் டிரெய்லருக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியையும் பின்பக்கம் கட்டிய மிதிவண்டிகளையும் பார்ப்பார். திருத்தம் செய்ய வேண்டிய இடமும் அதுதான். எனவே தலைச்சொல்லாக ‘டிரெய்லர் முன்பாரம்’ என்று முழுதாகவும், இணைச்சொல்லாகக் ‘குமிழ்ப்பாரம்’ என்றும் தரலாம்; காரைப் பற்றிப் பேசும் இடங்களில் முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களையே தொடாமல் ‘முன்னச்சு எடை’, ‘பின்னச்சு எடை’ என்று மட்டுமே எழுதலாம்.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் எழுதிய விளக்கம் இது: “டிரெய்லர் முன்பாரம் (குமிழ்ப்பாரம்): சமதரையில், பயணத்துக்கு ஏற்றிய நிலையில், டிரெய்லரின் கிண்ணம் இழுவைக் குமிழின் மேல் செங்குத்தாக இறக்கும் எடை. டிரெய்லரின் முழு எடையிலும் வண்டியின் மொத்த எடையிலும் சேர்த்தே கணக்கிடப்படும்.”

அளக்கும் முறை பற்றிய பக்கத்திலும் ஒரு திருத்தம் தேவை. ஏர்க்காலைத் தாங்கும் சிறிய துணைச்சக்கரத்தின் கீழ் தராசை வைக்கும்படி அங்கே எழுதியிருக்கிறது. அந்தச் சக்கரம் கிண்ணத்தைவிட அச்சுக்கு அருகே இருப்பதால் தராசு கூடுதலாகக் காட்டும். கிண்ணம் அச்சிலிருந்து 4.5 மீட்டரிலும் துணைச்சக்கரம் 4 மீட்டரிலும் இருந்தால், உண்மையில் 300 கிலோவாக உள்ள முன்பாரம் அங்கே ஏறக்குறைய 337 கிலோவாகத் தெரியும். ஏர்க்கால் சமமாக நிற்கும் உயரத்தில் ஒரு கட்டையை வைத்து, கிண்ணத்துக்கு நேர் கீழே தராசு வரும்படி மாற்றி எழுத வேண்டும்.