மூச்சு எண்ணிக்கையை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணத்தான் வேண்டுமா?

கேள்வி – செவிலியர் பயிற்சி மாணவி

வணக்கம். நான் இப்போது பொது மருத்துவ வார்டில் பயிற்சியில் இருக்கிறேன். வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் செறிவு ஆகியவற்றைக் கருவி வைத்து அளந்து எழுதுகிறோம். மூச்சு எண்ணிக்கையை மட்டும் 15 விநாடி பார்த்து நான்கால் பெருக்கி எழுதிவிடுகிறார்கள். சார்ட்டைப் புரட்டினால் பல நோயாளிகளுக்கு 20 என்ற ஒரே எண்தான் தென்படுகிறது. வகுப்பிலோ ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வேலை நெருக்கடியில் அது சாத்தியமா? பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டும்போது, மூச்சை எண்ணுவதால் கூடுதலாக என்ன தெரியவரும்?

பதில் – தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

தங்கை, முழு நிமிடம் எண்ணத்தான் வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 16, 20, 24 என நான்கின் மடங்குகள் மட்டுமே கிடைக்கும். இடைப்பட்ட எண்கள் சார்ட்டில் ஏறவே வழியில்லை. நிமிடத்துக்கு 22 முறை மூச்சு விடுபவரிடம் அந்தக் கால் நிமிடத்தில் ஐந்தோ ஆறோ எண்ணுவீர்கள். ஐந்து என்றால் 20 என்று எழுதுவீர்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ் 2 என்பது, நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண் கூட்டி முன்கூட்டியே எச்சரிக்கும் முறை. அதில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை இரண்டு. 25-உம் அதற்கு மேலும் மூன்று. ஆகவே, கவனிக்க வேண்டிய ஒரு நோயாளி வெறும் பெருக்கல் கணக்கால் இயல்பானவர் என்று பதிவாகிவிடுகிறார்.

ஆக்சிஜன் செறிவு பற்றி நீங்கள் கேட்டதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கிருமித்தொற்று தீவிரமாகும்போதோ இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும்போதோ, உடல் மூச்சை வேகப்படுத்தி ஈடுகட்டப் பார்க்கிறது. அப்படி ஈடுகட்ட முடிகிற வரையில் 97 என்பது 97-ஆகவே நிற்கலாம். மறுபுறம், வலிக்கு மார்ஃபின் பெற்று, முகமூடி வழியே ஆக்சிஜனும் பெற்றுக்கொண்டிருப்பவரின் மூச்சு எட்டுக்கு இறங்கி, உடலில் கரியமில வாயு தேங்கத் தொடங்கிய பிறகும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டக்கூடும். இவ்விரண்டு நிலையையும் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது நீங்கள் எண்ணும் மூச்சுதான்.

பதில் – செவிலியர் கல்லூரி ஆசிரியர்

மேலே சகோதரி எழுதியதோடு, எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எண்ணப்போவதை அறிந்தால் நோயாளி தம்மை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். எனவே நாடி பார்த்து முடித்தபின் விரல்களை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல், அந்தக் கையை அவருடைய மார்பின்மேல் மடக்கி வைத்து, நாடி பார்ப்பவர் போலவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். மார்பு எழுந்து தாழ்வது உங்கள் கையிலேயே தெரியும். போர்வையை விலக்க வேண்டியதில்லை. மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தால் ஒன்று.

கைக்குழந்தைகளிடம் மார்பைவிட வயிற்றின் அசைவே தெளிவாகத் தெரியும். அவர்கள் சில விநாடி நிறுத்திப் பின் வேகமாக மூச்சு விடுவது இயல்பு என்பதால், கால் நிமிடக் கணக்கு அங்கே முற்றிலும் ஏமாற்றிவிடும்.

எண்ணோடு தன்மையையும் எழுதுங்கள். ஆழமற்ற மூச்சா, பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறாரா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா என்பவை மருத்துவருக்கு எண்ணுக்கு இணையாகப் பயன்படும்.

கேள்வி – செவிலியர் பயிற்சி மாணவி

மிக்க நன்றி. மானிட்டர் பொருத்திய நோயாளிகளுக்குத் திரையில் தெரியும் மூச்சு எண்ணிக்கையை அப்படியே எழுதலாமா?

பதில் – தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

நேரில் எண்ணிச் சரிபார்க்காமல் எழுத வேண்டாம். பெரும்பாலான மானிட்டர்கள் ஈசிஜி மின்முனைகளுக்கு இடையே மார்பின் மின்தடை மாறுவதைக் கொண்டே மூச்சைக் கணக்கிடுகின்றன. நோயாளி புரண்டு படுத்தாலோ நடுங்கினாலோ அதையும் மூச்சாக எண்ணிவிடும். மூச்சு ஆழமற்றிருந்தால் சிலவற்றை விட்டுவிடும். காற்றுவழி அடைபட்டு, காற்று உள்ளே போகாமல் மார்பு மட்டும் போராடி அசையும் நிலையில்கூட, திரையில் மூச்சு ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும். பணி மாற்றத்தின்போதும், திரையில் எண் திடீரென மாறும்போதும், படுக்கையருகே நின்று ஒரு நிமிடம் எண்ணி, அந்த எண்ணையே சார்ட்டில் எழுதுங்கள். மானிட்டர் காட்டியது வெகுவாக மாறுபட்டால் மின்முனைகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.