மனைவியும் மகளும் மொன்றியலில் இறங்குகிறார்கள்: நான் வெளியே நின்றபடி என்ன உதவி செய்யலாம்?

கேள்வி: ஸ்காபரோ வடக்கு

அனைவருக்கும் வணக்கம். 9 ஆண்டுகளாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மனைவிக்கும் 6 வயது மகளுக்கும் நான் செய்த ஸ்பொன்சர் விண்ணப்பம் கடந்த மாதம் நிறைவேறியது. மகள் பிறந்தபோது நான் குடியுரிமை பெற்றிருக்கவில்லை என்பதால் அவளும் நிரந்தர வதிவிட விசாவிலேயே வருகிறாள். விசா ஒட்டிய கடவுச்சீட்டுகளும், ஆளுக்கொன்றாக வதிவிட உறுதிப் பத்திரங்களும் கொழும்பில் மனைவியின் கைக்குக் கிடைத்துவிட்டன.

பயண முகவர் ஒருவர் விலை குறைவு என்று கட்டுநாயக்கவிலிருந்து தோகா, தோகாவிலிருந்து மொன்றியல், அங்கிருந்து ரொறன்ரோ என்று பயணச்சீட்டு எடுத்துத் தந்திருக்கிறார். மொன்றியலில் விமானம் மாறுவதற்கு 2 மணி 10 நிமிடம் இருக்கிறது. குடிவரவு அலுவல் எல்லாம் ரொறன்ரோவில்தான் நடக்கும் என்றும் அவர் சொன்னார். மனைவிக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், ஆனால் அதிகாரி ஒருவரின் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. விமானத்தில் ஏறுவதும் இதுவே முதல் தடவை. ஜனவரி மாதப் பயணம். நான் உள்ளே சென்று அவர்களை அழைத்துவர ஏதேனும் வழி உண்டா? இல்லையென்றால், இங்கிருந்தபடி நான் செய்யக்கூடியவை எவை?

மறுமொழி: பழைய வரவு

தம்பி, முகவர் சொன்னது பிழை. கனடாவில் முதலில் கால் பதிக்கும் விமான நிலையத்திலேயே குடிவரவு, சுங்கம் இரண்டும் முடிந்தாக வேண்டும். ஆகவே உங்கள் மனைவியின் வதிவிட உறுதிப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கப்போவது மொன்றியல் அதிகாரி. அதன் பின்னர் பயணப் பொதிகளைப் பட்டையிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்காக மறுபடியும் ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் நிற்க வேண்டும். முதன்முறையாக விமானத்தில் வரும் ஒரு தாய், நித்திரை கலையாத பிள்ளையையும் வைத்துக்கொண்டு, ஜனவரியில் 2 மணி 10 நிமிடத்துக்குள் இவ்வளவையும் முடிப்பார் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்கக்கூடாது. இறங்கியதும் பயண விவரங்களைப் பதியும் இயந்திரத்தில் ஒரே முகவரிக்குச் செல்லும் ஐந்து பேர் வரை சேர்ந்து பதியலாம் என்பதால் அங்கே தாமதம் ஏற்படாது. தாமதம் அடுத்த அறையில்தான். புதிய குடிவரவாளர்களை அங்கே அனுப்புவார்கள். அன்றைக்கு எத்தனை விமானங்கள் சேர்ந்து இறங்கின என்பதைப் பொறுத்து அந்த வரிசை அரை மணியிலும் முடியலாம், மூன்று மணியும் எடுக்கலாம்.

ஒன்றில் டுபாய் வழியாக நேரே ரொறன்ரோவில் இறங்கும் விமானத்துக்கு மாற்றுங்கள், அல்லது மொன்றியலில் இடைவெளியை நான்கு மணிக்குக் குறையாமல் வையுங்கள். மூன்றாவது வழி நான் செய்தது: ரொறன்ரோ விமானமே எடுக்காமல் 540 கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் சென்று மொன்றியலிலேயே கூட்டி வந்தேன். பனிக்காலத்தில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் வெளியே ஆள் நிற்கிறார் என்ற தெம்பு மனைவிக்கு இருந்தது.

உள்ளே போக வழியில்லை. ஸ்பொன்சர் செய்தவர் என்றாலும் கதவுக்கு வெளியேதான். அதனால் உங்கள் உதவி முழுவதும் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மனைவியின் இலங்கைக் கைத்தொலைபேசி இறங்கியதும் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்; விமான நிலையத்தில் இலவச இணையம் உண்டு என்றாலும் மின்கலம் தீர்ந்திருந்தால் அதனால் என்ன பயன்? என் மனைவியின் கைத்தொலைபேசி தோகாவிலேயே அணைந்துவிட்டது. நான் அனுப்பியிருந்த ஒரு தாளில் என் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி, நான் எந்தக் கதவருகே நிற்பேன் என்பன ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தன. அதை அவர் மகனின் குளிர்ச்சட்டைப் பையில் வைத்து ஊசியால் குத்தியிருந்தார். அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துத்தான் முகவரியைப் பதிந்துகொண்டார். வதிவிட அட்டை அந்த முகவரிக்கே தபாலில் வரும் என்பதால், வீட்டு இலக்கமும் அஞ்சல் குறியீடும் பிழையில்லாமல் இருக்கட்டும்.

மறுமொழி: பனங்கூடல்

தம்பி, நான் உங்கள் மனைவியின் இடத்தில் நின்றவள் என்பதால் எழுதுகிறேன். பத்திரங்களைச் சரியாக அடுக்கிக் கொடுக்க எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: விளங்காத கேள்விக்குத் தலையாட்ட வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். நம் ஊரில் பெரியவர் ஒருவர் பேசினால் மரியாதைக்குத் தலையசைத்தபடி கேட்பது பழக்கம். அதிகாரி என்னிடம் ஏதோ குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு அந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவருடைய பேனா அப்படியே நின்றது. பிறகு அவரே சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்தார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் “வணக்கம் அம்மா” என்று சொன்னதும் எனக்குக் கண்கலங்கிவிட்டது. அதன் பின் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. “தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்ற ஒரு வரியையாவது அவர் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யட்டும். மொன்றியலில் “பொன்சூர்” என்று பிரெஞ்சில்தான் பேச்சைத் தொடங்குவார்கள், அதற்காகப் பதற வேண்டாம்; ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அவர்களும் மாறிவிடுவார்கள்.

கேள்விகள் பெரும்பாலும் இவ்வளவுதான்: குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா, முன்பு கனடாவுக்குள் வர அனுமதி மறுக்கப்பட்டதா அல்லது வெளியேறச் சொல்லப்பட்டதா, விண்ணப்பத்தில் காட்டாத பிள்ளைகள் அல்லது சார்ந்திருப்போர் உண்டா. கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ண வேண்டாம். விண்ணப்பித்த பின் குடும்பத்தில் ஏதேனும் மாறியிருந்தால் விமானம் ஏறும் முன்பே தெரிவித்தாக வேண்டும், மறைத்த பிள்ளையைப் பின்னர் ஸ்பொன்சர் செய்ய முடியாமல் தவிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழாவிட்டால் வதிவிடம் போய்விடும் என்று யாராவது உங்கள் மனைவியைப் பயமுறுத்தியிருந்தால், 2012இல் வந்த அந்த நிபந்தனை 2017இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: இரண்டு கடவுச்சீட்டு, இரண்டு உறுதிப் பத்திரம், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், தந்தையாகிய நீங்கள் உடன் வராததால் நொத்தாரிசின் முன் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம். மகளின் தடுப்பூசி விவரம் உள்ள சுகாதாரப் பதிவேட்டையும் மறக்க வேண்டாம், ஒன்ராறியோவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் அதைத்தான் கேட்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூடப் பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது. என் அத்தான் அப்படி வைத்து, அந்தப் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

மேலே இருவரும் தொடாத சுங்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புதிய குடிவரவாளர் தன்னுடன் கொண்டுவரும் பொருட்களின் பட்டியலையும், பின்னர் வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் முதல் வருகையின்போதே கொடுக்க வேண்டும். இரண்டாவது பட்டியலை “இப்போது ஒன்றும் இல்லை” என்று விட்டுவிடுகிறோம்; அடுத்த ஆண்டு மாமியார் நகைகளைக் கொடுத்தனுப்பும்போதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிகிறது. தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் தனித்தனியாகப் புகைப்படம் எடுத்து, பவுண் கணக்கும் பெறுமதியும் எழுதிவைத்தால் அதிகாரிக்கும் சுலபம். தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம், அது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள தனிப்பட்ட பொருள். கையில் பணம் 10,000 கனேடிய டொலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் சொல்லியாக வேண்டும். அதற்கு வரி கிடையாது, ஆனால் சொல்லாமல் பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள்.

சாப்பாட்டுப் பொருட்களில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, கருவாடு, மாசி போன்றவற்றால் சாதாரணமாகப் பிரச்சினை இல்லை. இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை, நடுவதற்கான விதைகள் ஆகியவற்றை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கொண்டுவந்தவை அனைத்தையும் அறிவித்தால், கூடாததை எடுத்துவிட்டு மீதியைத் தருவார்கள். அறிவிக்காமல் மறைத்தால் அபராதம் 1,300 டொலர் வரை போகும். அம்மா ஆசையோடு கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைக்கு அந்த விலை அதிகம்.

கேள்வி கேட்டவர்: ஸ்காபரோ வடக்கு

அண்ணா, அக்கா, கணக்குப்பிள்ளை ஐயா, மூவருக்கும் நன்றி. பயணச்சீட்டை மாற்றிவிட்டேன், கூடுதலாக 340 டொலர் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இப்போது டுபாய் வழியாக வந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில் இறங்குகிறார்கள். நேற்றிரவு தொலைபேசியில் நான் அதிகாரியாக நடித்துக் கேள்விகளைக் கேட்டேன், மனைவி மூன்றாவது கேள்வியிலேயே சிரித்துவிட்டார். மகள்தான் பின்னாலிருந்து “தமிழ் வேணும்” என்று ஆங்கிலத்தில் கத்தினாள். இன்னும் ஒரு சந்தேகம்: வழியில் உதவியாக இருக்கட்டும் என்று சக்கர நாற்காலி பதிவு செய்யும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

மறுமொழி: பழைய வரவு

வேண்டாம் தம்பி. நடக்க முடியாத முதியவர்களுக்கான ஆட்களை நாம் எடுத்துக்கொண்டால் அவர்கள் காத்துக் கிடக்க நேரிடும். முதல் தடவை பயணிக்கும் தாயும் பிள்ளையும் என்று சொல்லி, வழிகாட்டும் உதவி கிடைக்குமா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். டுபாயில் வாயில் மாறும்போது அது பெரிதும் பயன்படும். பியர்சனில் குடிவரவு முடிந்ததும் புதிதாக வந்தவர்களுக்கென்று ஒரு தகவல் மேசை இருக்கும், அங்கே கொடுப்பதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட உறுதிப் பத்திரம் திரும்பத் தன் கைக்கு வந்ததா என்று பார்த்த பிறகே மனைவி அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும். சமூகக் காப்புறுதி எண்ணுக்கும் ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கும் அதுதான் ஆதாரம். சுகாதார அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டதால் அந்த வாரமே போய் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பக்கத்தில் மிஞ்சியிருப்பது ஒன்று. மகளுக்கு 6 வயது, 36 கிலோவுக்கும் 145 சென்றிமீற்றருக்கும் குறைவாகத்தான் இருப்பாள். அப்படியானால் உங்கள் காரில் அவளுக்கு உயர்த்தி இருக்கை (பூஸ்டர் சீட்) கட்டாயம். நான் அதை வாங்க மறந்து, இரவு பதினொரு மணிக்கு விமான நிலையத்தில் நின்று நண்பர் ஒருவரை எழுப்பினேன். வாங்கியதும் பெட்டியைப் பிரித்து, காரில் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். இரண்டு குளிர்ச்சட்டைகளையும் பின் பெட்டிக்குள் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வரவேற்கக் காத்திருக்கும் மண்டபத்தில் போய் நில்லுங்கள், தரிப்பிடம் வரை நடக்கும்போதே அவை தேவைப்படும்.