ஆட்சியாளர் மொழியில் கலகப் பாட்டு: ஆப்பிரிக்கான்ஸ் ராக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

தந்திக்கம்பி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாகத் தென்னாப்பிரிக்க ராக் இசையைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். ஜானி கிளெக்கின் ஜுலூகா குழுவில் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, இப்போது ஃபோக்கோஃப்போலீசிகார் என்ற ஆப்பிரிக்கான்ஸ் பங்க் ராக் குழுவிடம் வந்து நிற்கிறேன். வரி ஒன்றுகூட விளங்கவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் இருக்கும் கோபம் பொய்யானதன்று என்பது காதுக்கே தெரிகிறது.

எனக்குள்ள சிக்கல் இதுதான். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் ஊர்வலம் போனதே, பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸ் வழியாகப் பாடம் நடத்தக் கூடாது என்பதற்காகத்தான். அவர்கள் மீது போலீசார் சுட்டார்கள். ஆப்பிரிக்கான்ஸ் என்றாலே போலீஸ், நீதிமன்றம், அடையாளப் பாஸ் ஆகியவற்றின் மொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த மொழியில் யார், யாரை எதிர்த்துக் கலகம் செய்தார்கள்? வெள்ளையரின் இனஒதுக்கல் (அபார்ட்ஹைட்) ஆட்சியை ஆட்டிவைத்த இசை என்று சிலர் எழுதுவது உண்மையா, அல்லது பின்னாளில் பூசிய மெருகா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒலிநாடா:

இதை முதலில் ஒரு பங்காளிச் சண்டையாகப் பார்த்தால் உங்கள் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். 1980களில் எழுந்த ஆப்பிரிக்கான்ஸ் ராக், டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தகப்பனையும், திருச்சபைப் போதகரையும், படைமுகாமின் கார்ப்பரலையும், தொலைக்காட்சியில் விரலை ஆட்டிப் பேசிய அதிபரையும் பார்த்து, அவர்களுடைய மொழியிலேயே கொடுத்த எதிர்ப்பேச்சு. வெளியிலிருந்து ஆங்கிலத்தில் ஏசியிருந்தால் அந்தப் பெரியவர்களுக்குச் சுரணை வந்திருக்காது. சொந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேட்டதுதான் உறைத்தது.

மொழியின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டச்சு மொழி கேப் பகுதியில் அடிமைகளின் வாயிலும், பூர்வகுடிகளான கோய் மக்களின் வாயிலும், மலாய் முஸ்லிம்களின் வாயிலும் புரண்டு உருமாறியதுதான் ஆப்பிரிக்கான்ஸ். கற்றவர்கள் அதைச் சமையலறை மொழி என்று இழிவாகச் சொன்னார்கள். பிறகு ஆப்பிரிக்கானர் தேசியவாதிகள் அதைத் துவைத்துக் கஞ்சி போட்டு, 1925இல் ஆட்சிமொழியாக்கி, பிரசங்க மேடையிலும் நீதிமன்றத்திலும் ஏற்றினார்கள். கலகக்காரப் பாடகர்கள் செய்த வேலை, அந்தக் கஞ்சி விறைப்பை உதறிவிட்டு மொழியை மறுபடியும் சமையலறைக்கும் தெருவுக்கும் இழுத்து வந்ததுதான். எழுத்தாளர் ஆந்த்ரே லெட்வா பாடகராக வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்: கூஸ் கொம்பெய்ஸ். கொம்பெய்ஸ் என்றால் சமையலறை. ரால்ஃப் ராபி என்ற முன்னாள் பத்திரிகையாளர் யொஹன்னெஸ் கெர்க்கோரல் ஆனார். கெர்க்கோரல் என்பது தேவாலயத்தில் வாசிக்கும் ஆர்கன். தம் குழுவுக்கு அவர் வைத்த 'கெரெஃபோர்மீர்டெ ப்ளூஸ் பேண்ட்' என்ற பெயரில் ப்ளூஸோடு சீர்திருத்தத் திருச்சபையும் சேர்ந்தே வரும். பெயரிலேயே பாதிக் கலகம் முடிந்துவிட்டது.

இவர்கள் இருவருக்கும் முன்னோடி ஜேம்ஸ் ஃபிலிப்ஸ். ஜோஹன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க நகரில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் இளைஞர். அவர் பெர்னோல்டஸ் நீமான்ட் என்ற வேடம் பூண்டு ஆப்பிரிக்கான்ஸில் ஒரு தொகுப்பு பாடினார். நீமான்ட் என்றால் 'யாருமில்லை' என்று பொருள். அந்தத் தொகுப்பில் உள்ள 'ஹோ மேய் ஃபாஸ், கார்ப்பரால்', அதாவது 'என்னை இறுகப் பிடித்துக்கொள், கார்ப்பரல்' என்ற பாடலிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் கட்டாயமாகப் படைக்குப் போக வேண்டியிருந்த காலம் அது. நமீபிய, அங்கோலிய எல்லையில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் இப்படியொரு வரியைப் பாடினால் அரசு வானொலி அதை ஒலிபரப்பாது என்று சொல்லவே வேண்டியதில்லை.

அந்த வானொலி செய்த தணிக்கை விசித்திரமானது. எஸ்ஏபிசி என்ற அந்த அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் நூலகத்திலிருந்த இசைத்தட்டுகளில் ஆகாத பாடலின் பள்ளத்தை மட்டும் கூரான கருவியால் குறுக்கே கீறி வைப்பார்கள். அடுத்த பாடல் நன்றாக ஓடும். கீறிய பாடலில் முள்ளை வைத்தால் ஊசி துள்ளும். அறிவிப்பாளர் எவரேனும் துணிந்தாலும் போட முடியாது.

இத்தகைய பாடல்களுக்கு இடம் கொடுத்தது ஷிஃப்டி ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம். லாயிட் ராஸும் ஐவன் கேடியும் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கருவிகளை ஒரு கேரவன் வண்டிக்குள் பொருத்தி, அண்டை நாடான லெசோத்தோவுக்கே ஓட்டிப்போய் சங்கொமோத்தா குழுவைப் பதிவு செய்த ஆட்கள் அவர்கள். 1989இல் இந்நிறுவனமும், இனஒதுக்கலை எதிர்த்த ஆப்பிரிக்கான்ஸ் வார ஏடான ஃப்ரெய வீக்பிளாடும் சேர்ந்து கெர்க்கோரல், கொம்பெய்ஸ், நீமான்ட் ஆகியோரை ஊர் ஊராக அழைத்துச் சென்ற இசைப் பயணத்துக்குத்தான் ஃபூல்ஃப்ரெய் என்று பெயர். பறவையைப் போல் விடுதலையானவன் என்பது ஒரு பொருள்; சட்டத்தின் காப்பை இழந்தவன், எவரும் வேட்டையாடலாம் என்று விடப்பட்டவன் என்பது இன்னொரு பொருள். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ச்சி நடத்த நிர்வாகம் தடை விதித்தது. பிரதமர்களை உருவாக்கித் தந்த அந்த வளாகத்தில் மாணவர்கள் தடையை எதிர்த்து ஊர்வலம் போனதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம்.

கெர்க்கோரலின் 'சிட் டிட் ஆஃப்' பாடலையும் கேளுங்கள். 'அதை அணைத்துப் போடு' என்று பொருள். தொலைக்காட்சியைப் போட்டால் அதிபர் பி.டபிள்யூ. போத்தாவின் முகம், அணைத்துப் போடு. கருத்து அவ்வளவுதான், ஆனால் அந்த ஆண்டில் அரங்கம் நிறைய இளைஞர்கள் அதைச் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். அதே 1989 ஆகஸ்டில் போத்தா பதவி விலகினார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அவர் உடல்நிலையும் கட்சிக்குள் இருந்த பூசலும்தான் அதற்குக் காரணம்.

மூன்றாம் சுரம்:

மேலே உள்ள பதிலில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் 'ஆட்டிவைத்த இசையா' என்ற கேள்விக்கு நேரான விடை அதில் இல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பங்காளிச் சண்டை என்று ஒலிநாடா அவர்களே சொல்லிவிட்டார். பங்காளிச் சண்டையில் வீட்டு வேலைக்காரருக்குப் பங்கு கிடையாது. ஃபூல்ஃப்ரெய் மேடையின் மீதும் முன்னாலும் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆட்சியை ஆட்டியது தெருப் போராட்டமும், தொழிற்சங்கங்களும், பொருளாதாரத் தடையும்.

ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளையர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கேப் டவுனை ஒட்டிய கேப் ஃப்ளாட்ஸ் பகுதியில் கலப்பினத்தார் பேசும் காப்ஸ் என்ற வழக்கு, கொம்பெய்ஸ் தேடிப்போன அந்தச் சமையலறை மொழியேதான். அவர்கள் அதைத் தேடிப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. அங்கிருந்து வந்த ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி குழு 1990இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே அந்த வழக்கில் ராப் பாடியது. 1994இல் மண்டேலா பதவியேற்ற விழாவில் அக்குழுவினர் பாடினார்கள். பின்னர் வந்த பிராஸா ஃபனி காப் குழு அதே வழக்கைத் தன் முழு மொழியாகவே ஆக்கிக்கொண்டது. ஆப்பிரிக்கான்ஸ் கலக இசை என்று பேசும்போது இவர்களை ஹிப்ஹாப் என்று தனிப் பெட்டியில் போட்டு ஒதுக்குவதும் ஒருவகை ஒதுக்கல்தான் என்பது என் கருத்து.

ஜுலூகாவைக் குறிப்பிட்டீர்கள். ஜானி கிளெக், சிபோ ம்சூனு இருவரும் ஆங்கிலத்தையும் ஜூலுவையும் ஒரே பாட்டில் கலந்தார்கள். அரசு வானொலி மொழிக்கொரு நிலையமாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், இரு மொழிப் பாட்டுக்கு எந்த நிலையத்திலும் வீடு இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நிற்பதே சிக்கலாக இருந்த நாளில் அவர்கள் கூடங்களிலும் வளாகங்களிலும் பாடித்தான் 1979இல் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். ஐவன் கேடியின் பெயர் மேலே வந்தது. ஷிஃப்டிக்கு முன் அவர் இருந்த நேஷனல் வேக் குழு, சொவெட்டோவின் சகோதரர் இருவரோடு சேர்ந்து அமைத்த பங்க் குழு. எனக்கு அந்த 1981 தொகுப்பு, ஃபூல்ஃப்ரெய் பதிவுகள் அனைத்தையும்விடத் துணிச்சலானதாகப் படுகிறது.

தணிக்கையை ஏமாற்றிய பாட்டு வேண்டுமென்றால் பிரைட் ப்ளூ குழுவின் 'வீப்பிங்' கேளுங்கள். 1987இல் வந்தது. அன்று தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கீதமாகக் கருதப்பட்ட 'ங்கோசி சிக்கெலெல் இஆஃப்ரிகா'வின் மெட்டை வாத்தியத்தில் மட்டும் நுழைத்திருந்தார்கள். அது அரசுக்குச் சொந்தமான ரேடியோ ஃபைவ் நிலையத்தின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. வரியைப் படித்த தணிக்கைக்காரர்கள் மெட்டைக் கவனிக்கவில்லை போலும்.

வழிப்போக்கன்:

கேள்வி கேட்டவர் வந்து நின்ற இடத்தைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லையே. ஃபோக்கோஃப்போலீசிகார் 2003இல் கேப் டவுனின் வடக்குப் புறநகரான பெல்விலில் பிறந்தது. பெயர் போலீஸ் வண்டியைப் பார்த்துச் சொல்லும் வசவு. செய்தித்தாள்கள் பின்பாதியை மட்டும் அச்சிட்டு மானத்தைக் காத்துக்கொண்டன. பாடகர் ஃப்ரான்ஸ்வா ஃபான் கோக் ஒரு போதகரின் மகன். இனஒதுக்கல் முடிந்தபோது பள்ளிச் சிறுவர்களாக இருந்த இவர்களுக்கு எதிர்க்க அதிபர் இல்லை, கட்டாயப் படைச்சேவை இல்லை. ஒழுங்காக வெட்டிய புல்தரையும் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயமும், பெற்றோர் தலைமுறை வாய் திறக்காமல் விட்ட குற்றவுணர்வும் இருந்தன. 'ஹீமல் ஒப் டி ப்ளாட்டலாண்ட்', அதாவது 'நாட்டுப்புறத்தில் சொர்க்கம்' என்ற பாடலில் அந்தப் புழுக்கம் முழுவதும் இருக்கிறது. இது ஃபூல்ஃப்ரெய்யின் தொடர்ச்சி என்பார்கள். அதன் மறுநாள் காலைத் தலைவலி என்று நான் சொல்வேன்.

வரி விளங்காவிட்டாலும் ஒன்றைக் காதில் பிடிக்கலாம். ஆப்பிரிக்கான்ஸில் மறுப்புச் சொல் இரண்டு முறை வரும். 'எனக்குப் பயமில்லை' என்பதற்கு 'எக் இஸ் நீ பாங் நீ' என்பார்கள். முதல் 'நீ' வாக்கியத்தின் நடுவே போய்விடும். இரண்டாவது 'நீ' கடைசியில் வந்து விழும். பாட்டில் அது பெரும்பாலும் தாளத்தின் அடியோடு சேர்ந்து விழுவதால், 'இல்லை' என்பதை ஒருவர் காலால் தட்டிச் சொல்வது போல இருக்கும். தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்த மொழியின் 'ஹ்க' ஒலியும் பங்க் பாட்டுக்கென்றே அமைந்தது போலத் தோன்றும்.

பணி நிமித்தமாக பிரிட்டோரியாவில் இருந்தபோது, லிம்போப்போ மாநிலத்தின் நார்த்தம் அருகே பண்ணை ஒன்றில் நடந்துவந்த ஒப்பிகொப்பி விழாவுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஆகஸ்டு மாதம், பகலில் வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். முள்மரங்களுக்கு நடுவே செம்புழுதி. மூன்றாம் நாள் என் கைக்குட்டையில் வந்த நிறம் மூன்று முறை துவைத்தும் போகவில்லை. பெரிய மேடைக்கு ஜேம்ஸ் ஃபிலிப்ஸின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அவர் 1995லேயே இறந்துவிட்டார். என் பக்கத்தில் நின்ற பையனிடம் அவர் யார் என்று கேட்டேன். மேடையின் பெயர் என்றான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கான்ஸ் இசை என்று தேடினால் உங்களுக்கு முதலில் கிடைப்பது சொக்கி எனப்படும் ஜோடி நடனத்துக்கான துள்ளல் பாட்டுகள். சந்தையில் ராக்கைவிட அவற்றுக்கே ஆட்கள் அதிகம். 2006இல் போக் ஃபான் ப்ளெர்க் பாடிய 'டெலாரே', பிரிட்டிஷாரை எதிர்த்து ஆப்பிரிக்கானர் நடத்திய போயர் போரின் தளபதி ஒருவரை வந்து வழிநடத்துமாறு அழைக்கும் பாட்டு. அது இளைஞர்களைத் திரட்டிய வேகம் அரசையே அறிக்கை விட வைத்தது. ஒரே மொழியில், மூன்றாண்டு இடைவெளியில், ஒரு குழு அப்பாவின் வீட்டைவிட்டு வெளியேறுகிறது, இன்னொருவர் தாத்தாவைக் கூப்பிடுகிறார்.

தந்திக்கம்பி:

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றில் ஐந்தாறு பாடல்களைக் கேட்டுவிட்டேன். 'வீப்பிங்' பாடலில் அந்த மெட்டு நுழையும் இடத்தை முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாம் தடவை பிடித்துவிட்டேன். நேஷனல் வேக் பற்றி மூன்றாம் சுரம் சொன்னதை இன்னும் நிதானமாகக் கேட்ட பிறகுதான் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல முடியும். ஃபோக்கோஃப்போலீசிகாரை மறுபடி போட்டபோது, அந்த இரண்டாவது 'நீ' எங்கே விழுகிறது என்று விரல் தானாகவே மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டது.

ஒரு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. கார்ப்பரல் பாட்டில் அந்தப் பையன் தன்னைக் கட்டிப்பிடிக்கச் சொல்வது, தன்னை அதட்டி வேலை வாங்கும் அதே கார்ப்பரலைத்தானா? நான் வேறு யாரையோ என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

ஒலிநாடா:

அதே கார்ப்பரலைத்தான். அம்மாவும் இல்லை, காதலியும் இல்லை; முகாமில் இருட்டிய பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஆள் ஒருவன்தான்.